வேலியோரத்து நற்செய்தி



உயிர்த்த ஞாயிறு கடந்துவிட்டது. கோயில்களிலே பாஸ்குத் திரி எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த வெயிலிலேதான் நமது வளவுகளில் நிற்கும் வேம்புகள் பூத்துச் சொரிகின்றன. அதிகாலையில் முற்றம் கூட்டும் தாய்மார் வேப்பம்பூவைக் குப்பையென்று தள்ளிவிடாமல், பாய் விரித்துச் சேர்த்து, வடகத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். இலையுதிர்த்து நின்ற கொன்றை பொன்னிறச் சரமாகத் தொங்குகிறது. வேலியிலே பூவரசு காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலையில் சிவந்து வாடி, நிலத்திலே விழுகிறது.

நமது நாட்டின் இளவேனில் இதுதான். இதனை நாம் எத்தனை பேர் பார்க்கிறோம்?

உயிர்த்த ஆண்டவரை முதன்முதலிற் கண்டவள் மதலேன் மரியாள் என்று புனித யோவான் எழுதுகிறார். அவள் அவரை யாரென்று எண்ணினாள்? தோட்டக்காரர் என்று எண்ணினாள். கல்லறை ஒரு தோட்டத்திலே இருந்தது, விடியற்காலை, அவளுடைய கண்களிலோ கண்ணீர். ஆகவே அவள் தவறாக விளங்கிக்கொண்டாள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது முற்றிலும் தவறுதானா? ஆதியிலே தோட்டம் நாட்டி, அதிலே மனிதனைக் குடியிருத்திய இறைவனைத் தோட்டக்காரர் என்று அழைப்பதில் என்ன பிழை இருக்கிறது? அவர் நாட்டியவை இன்றும் நமது வீட்டுப் படலையடியிலே பூத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மலைப்பொழிவில் ஒரு பாடம்

ஆண்டவர் கலிலேயாவிலே மக்களுக்குப் போதித்தபோது, உணவையும் உடையையும் பற்றிக் கவலைப்பட்டு மாளவேண்டாம் என்று சொல்லி, அதற்கு உதாரணமாக வயல்வெளியிலே தானாக முளைத்த பூச்செடிகளைக் காட்டினார். நூல் நூற்கத் தெரியாத அந்தச் செடிக்குக் கிடைத்த ஆடை, செல்வத்திலே சிறந்த சாலமோன் அரசனுக்கும் கிடைக்கவில்லை என்றார். இந்தப் பகுதியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டே அதன் கூர்மை மழுங்கிவிட்டது.

அன்று அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் யார்? மீன்பிடிப்பவர்கள், கூலிக்கு உழைப்பவர்கள், வரி கட்டி முடியாதவர்கள். நாளைய உணவு நிச்சயமில்லாத மக்கள். வயிறு நிறைந்தவர்களுக்கு ஓய்வுநேரத்தில் இயற்கையை இரசிக்கச் சொன்ன வார்த்தை அல்ல அது. கவலை நெஞ்சை அடைத்த ஏழைகளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை.

கலிலேயாவிலே மாரிகாலத்தில்தான் மழை. அந்த மழை ஓயும் தறுவாயில், மாசி பங்குனி மாதங்களில், குன்றுகள் எல்லாம் பூக்கின்றன. அவற்றுள்ளே செந்நிற அனிமோன் பூவைத்தான் ஆண்டவர் குறிப்பிட்டிருப்பார் என்று அறிஞர் பலர் கருதுவர். வயற்பூக்கள் எல்லாவற்றையுமே குறித்தார் என்பாரும் உளர். எதுவாயினும், சில கிழமைகளில் அனல்காற்று வீசும். எல்லாம் காய்ந்து சருகாகும். விறகு அரிதான அந்த நாட்டிலே பெண்கள் அந்தச் சருகை வாரி அப்பம் சுடும் அடுப்பில் இடுவார்கள். ஆண்டவர் அதையும் அறிந்தே பேசினார். இன்று பூத்து நாளை அடுப்புக்குப் போகும் புல்லுக்கே இவ்வளவு அழகைக் கொடுக்கிற தந்தை, உங்களை மறப்பாரா என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வன்னியிலும் வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்ளக் கலிலேயாவுக்குப் போகத் தேவையில்லை. நமக்கும் பெருமழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான். மழை ஓய்ந்ததும் தை மாசியிலே தும்பை வெள்ளையாகப் பூக்கிறது. ஒழுங்கை ஓரமெல்லாம் நெருஞ்சி மஞ்சளாகப் படர்கிறது. வைகாசியிலே எல்லாம் காய்ந்து தரை வெளிக்கிறது. ஆண்டவர் காட்டிய அதே பாடப்புத்தகம் நமது வீட்டு வாசலிலும் விரிந்து கிடக்கிறது.

குருமடத்திலே கிரேக்க மூலத்தைப் படித்தபோது எனக்கு வியப்பூட்டிய ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பூக்களைப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னதாக மத்தேயு எழுதுமிடத்தில், அவர் வழங்கும் வினைச்சொல் வெறுமனே கண்ணால் நோக்குவதைக் குறிப்பதன்று. நன்றாகக் கற்றறிந்து கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். சீடன் என்பதற்குக் கிரேக்கத்தில் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்துதான் பிறக்கிறது. அப்படியானால், ஒரு காட்டுப்பூவின் முன்னே குனிந்து நின்று அதனை அறிந்துகொள்வதும் சீடத்துவத்தின் ஒரு பகுதியல்லவா?

நான் செய்த ஒரு பிழை

மற்றவர்களுக்குப் போதிப்பது எளிது. ஆகவே என்னுடைய பிழை ஒன்றையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு சிறிய பங்கிலே பணியாற்றினேன். கோயில் வளவைச் சுற்றிப் பழைய வேலி. கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நொச்சியும் நெருங்கி வளர்ந்து, அவற்றின்மேலே கொவ்வையும் முசுட்டையும் ஏறிப் படர்ந்திருந்தன. சேமக்காலைப் பக்கத்திலே பட்டிப்பூ தன்பாட்டிலே பூத்துக் கிடந்தது. ஆனி மாதத்தில் அந்தோனியார் திருவிழா. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சனங்கள் வருவார்கள். வளவு துப்புரவாக இருக்கவேண்டும் என்று நான் தீர்மானித்தேன். ஆட்களை அழைத்து, வேலியை அடியோடு வெட்டி எரிப்பித்தேன். எஞ்சியதற்குக் களைநாசினி அடிப்பித்தேன். கிழமை ஒன்றில் வளவு கட்டாந்தரையானது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பட்டணத்திலிருந்து பிளாஸ்டிக் பூங்கொத்துக்கள் வாங்கிவந்து மாதா கெபியை அலங்கரித்தோம்.

அந்தப் பங்கிலே ஓர் ஆச்சி இருந்தார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமிலும் வாடகைக் குடிசையிலுமாகக் காலம் கழித்தவர். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவருடைய ஒரே மகன் காணாமற்போனான். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆச்சி நாள்தோறும் காலைப் பூசைக்கு வருவார். பூசை முடிந்ததும் கெபியின் முன்னே ஒரு பிடி பூ வைத்துவிட்டு, சிறிது நேரம் நின்று போவார். கடையிலே பூ வாங்க அவரிடம் பணம் இல்லை. வேலியிலே பறித்த பூவைத்தான் வைத்தார் என்பதை நான் கவனித்ததே இல்லை.

வளவைத் துப்புரவாக்கிய பின்பு ஒருநாள் அவர் வெறுங்கையோடு கெபியடியில் நிற்பதைக் கண்டேன்.

“என்ன ஆச்சி, இண்டைக்குப் பூ இல்லையோ?” என்று கேட்டேன்.

“வேலி இல்லையே சுவாமி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சமாளிக்கும் பாவனையில், “அதுதான் ஆச்சி, புதுப் பூ வாங்கி வைச்சிருக்கிறம். வாடாது” என்றேன்.

ஆச்சி அந்தப் பிளாஸ்டிக் பூக்களைப் பார்த்தார். பிறகு, கோபமின்றி, ஒரு சந்தேகத்தைக் கேட்பவர் போலச் சொன்னார்: “வாடாத பூவை வைச்சால், நான் நாளைக்கு என்னத்துக்குச் சுவாமி வாறது?”

அன்பர்களே, நான் படித்த இறையியல் எதுவும் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு உதவவில்லை. வாடுகிற பூவை நாள்தோறும் புதிதாகக் கொண்டுவருவதே அந்தத் தாயின் செபம். மகனை மறக்கவில்லை என்பதற்கு அவர் ஒவ்வொரு காலையும் இட்ட கையொப்பம் அது. நான் களையென்று எரித்தது அந்தச் செபத்தின் கைப்பொருளை.

ஆச்சி வராமல் விடவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாதி என மூன்று மாதமும் வெறுங்கையோடு வந்து நின்றார். ஐப்பசியிலே மழை பிடித்தது. எரிந்த அடிக்கட்டைகளிலே பூவரசு துளிர்த்தது. கருகிய மண்ணுக்குள்ளே காத்துக்கிடந்த விதைகள் முளைத்தன. கார்த்திகை பிறந்தது. மரித்த விசுவாசிகளுக்காக மன்றாடும் மாதம். எல்லோரும் தங்கள் இறந்தோரின் பெயர்களைப் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆச்சி மட்டும் எழுதவில்லை. மகனின் பெயரை அந்தப் பட்டியலிலே எழுத அந்தத் தாயின் கை எழவில்லை. ஆனால் அன்று காலை அவர் கையிலே கொவ்வைப் பூ நாலைந்து இருந்தது. கெபியின் முன்னே வைத்தார். அருகிலே நானும் நின்று செபித்தேன். பிளாஸ்டிக் பூக்களை நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தேன்.

அசீசியார் விட்டுவைத்த ஓரம்

நான் அறியாமற் செய்த பிழையை, ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு புனிதர் தவிர்த்துக்கொண்டார். புனித பிரான்சிஸ் அசீசியார் தமது மடத்துத் தோட்டத்தைப் பராமரித்த சகோதரரிடம், நிலம் முழுவதையும் காய்கறிக்கென்று கொத்திவிடவேண்டாம், ஓர் ஓரத்தை அப்படியே விட்டுவையும் என்று கட்டளையிட்டார் என அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமையார் கூறுகிறார். காட்டுப்பூக்களும் பூண்டுகளும் அங்கே தம்பாட்டிலே வளரவேண்டும்; அவற்றைக் காண்பவர்கள் படைத்தவரை நினைக்கவேண்டும் என்பதே நோக்கம். விறகு வெட்டப் போகும் சகோதரருக்கும் அவர் ஒன்று சொன்னாராம்: மரத்தை அடியோடு வெட்டாதேயும், அது மறுபடி துளிர்க்க இடம் வையும்.

1979இல் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் இந்தப் புனிதரையே சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் படைப்பைப் பேணுவது குறித்து எழுதிய சுற்றுமடலுக்கு அசீசியாரின் புகழ்ப்பாவிலிருந்தே பெயர் எடுத்தார். அந்த மடலின் தொடக்கத்திலேயே, தோட்டத்து ஓரத்தை விட்டுவைத்த இந்தச் செய்தியையும் நினைவூட்டினார். திருச்சபையின் தலைமைப் போதனையிலே காட்டுப்பூண்டுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நமது வளவிலே இடம் இல்லையா?

வேலி போனால் என்ன போகிறது?

இன்று நமது ஊர்களிலே வேலிகள் மறைந்து மதில்கள் எழுகின்றன. முற்றங்களுக்குச் சீமெந்துக் கல் பதிக்கிறோம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலே வீடு கட்டுகிறோம், அது நல்லதே. எத்தனையோ தடவை வீடிழந்த சனம் நாம். உறுதியான வீடு கட்டுவதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரிமழை மண்ணுக்குள்ளே இறங்கி, சுண்ணக்கற் படைகளிலே தங்கி, அதுவே நமது கிணற்றிலே ஊறுகிறது. முற்றம் முழுவதையும் மூடிவிட்டால் அந்த மழை ஒழுங்கையால் ஓடிக் கடலுக்குப் போய்விடும்.

வேலியோடு போவது இன்னொன்று, அறிவு. 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, நாங்களும் மழையிலே நடந்து தென்மராட்சி சேர்ந்தோம். நான் அப்போது பள்ளிச் சிறுவன். காசு இருந்தாலும் வாங்கச் சாமான் இல்லாத நாட்கள். அம்மா காலையில் வேலிகளையும் வெளிகளையும் சுற்றி வருவா. சேலைத் தலைப்பிலே முசுட்டை, முடக்கொத்தான், குறிஞ்சா, சாறணை என்று ஏதாவது இருக்கும். ஒருநாள் வறை, ஒருநாள் இலைக்கஞ்சி. மழை வந்தபடியால் இலையும் வந்தது. விதைக்காத விளைச்சலை உண்டு நாங்கள் அந்த மாரியைக் கடந்தோம். மலைப்பொழிவை அம்மா எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, சமைத்துத் தந்தா.

அந்த இலைகளின் பெயரைச் சொல்ல இன்று நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் தெரியாததை ஒருவன் இரக்கமின்றி வெட்டுவான். பெயர் தெரிந்ததை வெட்டுமுன் ஒருமுறை யோசிப்பான்.

கரையோரத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிகளுக்கு அருகிலே மணல்மேல் படர்ந்து ஊதாநிறமாகப் பூக்கிற அடம்பன் கொடியை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதுவும் இராவணன் மீசையும் சேர்ந்துதான் காற்று அள்ளிச் செல்லும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று நமது முன்னோர் சொன்னது பார்த்தறிந்து சொன்ன சொல். ஒற்றைக் கொடிக்கு வலுவில்லை. கூடிப் படர்ந்தால் கரையே நிற்கும். ஒரு பங்குச் சமூகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பிரசங்கம் வேண்டுமா?

கோதுமையும் களையும்

அப்படியானால் முளைத்ததையெல்லாம் விட்டுவைப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. இரசிப்பதற்கும் விவேகம் வேண்டும். கரட் இலைபோன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக வீதியோரங்களில் மண்டி நிற்கும் பார்த்தீனியத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1990களின் இறுதியில் வவுனியாப் பகுதியிலே அறியப்பட்டு, பின்னர் வடக்கெங்கும் பரவியது. தோலிலே அரிப்பையும், சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அதனைப் பூக்கும் முன்னர், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கவேண்டும். கார்த்திகைப்பூக் கொடியோ நமது சொந்த மண்ணின் செடி; பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செந்தீயாகும் அதன் இதழ்களுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆயினும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள்.

மறுபுறத்திலே பட்டிப்பூவைப் பாருங்கள். அதுவும் மடகஸ்கார் தீவிலிருந்து வந்து குடியேறியதுதான். ஆனால் நமது சேமக்காலைகளிலே யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கிற அந்தச் செடியிலிருந்துதான், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்து ஒன்று கிடைத்தது. கல்லறை மேட்டிலே நிற்கும் செடிக்குள்ளே குழந்தைகளின் உயிருக்கு மருந்து! கோதுமைக்குள்ளே களையைக் கண்ட வேலைக்காரரிடம், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், கோதுமையும் போய்விடும் என்று வீட்டெசமான் சொன்ன உவமை நினைவுக்கு வருகிறது. செடிகளைப் பற்றி மாத்திரமா அவர் சொன்னார்? பயனற்றவர் என்று நாம் தள்ளிவைக்கும் மனிதரைப் பற்றியும் அல்லவா?

வீட்டிலே செய்யக்கூடியவை

இந்த உயிர்ப்புக் காலத்திலே உங்கள் குடும்பம் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, உங்கள் வளவிலே ஒரு மூலையை, ஒரு பாயளவு நிலமாயினும், அப்படியே விட்டுவையுங்கள். சீமெந்தும் வேண்டாம், களைநாசினியும் வேண்டாம். பார்த்தீனியம் வந்தால் மட்டும் பிடுங்குங்கள். அடுத்த மாரி முடிந்ததும் என்ன முளைத்திருக்கிறது, என்ன பூத்திருக்கிறது, எந்த வண்ணத்துப்பூச்சி வருகிறது என்று பாருங்கள். எருக்கலை ஒன்று நின்றால், அதன் இலையிலே வரிப்புழுக்களைக் காண்பீர்கள், அருவருத்துக் கொல்லாதீர்கள். செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப் போவது அதுதான்.

இரண்டாவது, வீட்டிலே அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால், ஞாயிறு மாலையிலே பிள்ளைகளை அவர்களோடு ஒழுங்கையாலே நடக்க விடுங்கள். பத்துச் செடியின் பெயரைப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். முதியவருக்கு அது மதிப்பு. பிள்ளைக்கு அது செல்வம்.

மூன்றாவது, குடும்பச் செபம் சொல்லும்போது சுரூபத்தின் முன்னே உங்கள் வேலியிலே பறித்த ஒரு பூவை வையுங்கள். நாளைக்கு அது வாடும். வாடட்டும். நாளைக்கு மறுபடி போய்ப் பறிக்கவேண்டும் என்பதுதான் காரியம். வைகாசி மாதம், மாதா வணக்க மாதம், வருகிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

கவலைகள் நமக்குக் குறைவில்லை. பிள்ளையின் படிப்பு, வெளிநாட்டு விசா, வங்கிக் கடன், இன்னும் திரும்பிவராத உறவு. ஒரு பூவைப் பார்த்தால் இவை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்; ஆண்டவரும் அப்படிச் சொல்லவில்லை. பூவுக்கும் அனல்காற்று உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அது பூக்கும் நாளிலே குறையின்றிப் பூக்கிறது. அதன் வேரை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் நமது வேரையும் அறிவார்.

அந்தக் கோயில் வேலி இப்போது மறுபடி நெருங்கி வளர்ந்துவிட்டது என்று அண்மையில் அங்கு சென்றவர்கள் சொன்னார்கள். ஆச்சி இன்னும் வருகிறாராம். கெபியின் முன்னே நாள்தோறும் புதுப் பூ இருக்கிறதாம்.

கல்லறைத் தோட்டத்திலே கண்ணீரோடு நின்றவளைப் பெயர் சொல்லி அழைத்த தோட்டக்காரர், அந்தத் தாயையும், உங்களையும், உங்கள் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக.